நோய் வீட்டிற்கு எழுதும் மொய்



மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய ஒரு பெண்ணைச் சந்திக்கிறோம். கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் ஆடையைத் தொட்டு அவர் நலமடைந்ததைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அதற்கு முன்பு மாற்கு சொல்லும் இன்னொரு செய்தியை நாம் வேகமாகக் கடந்து போய்விடுகிறோம். அந்தப் பெண் பல மருத்துவரிடம் போயிருந்தார். கையில் இருந்ததையெல்லாம் செலவழித்திருந்தார். பணம் தீர்ந்ததே தவிர நோய் தீரவில்லை; முன்னைவிட மோசமாகியிருந்தது. நற்செய்தியாளர் ஒரு நோயாளியின் உடல் வேதனையோடு அவருடைய மருத்துவச் செலவையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார். ஏனென்றால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு குடும்பத்தை வாட்டுகின்றன.

இன்றும் அந்த நிலை மாறிவிடவில்லை. நம் நாட்டில் மருத்துவத்துக்காகச் செலவாகும் மொத்தப் பணத்தில், மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது 2013-14-இல் நூற்றுக்கு 64 ரூபாயாக இருந்தது என்று மத்திய அரசின் தேசியச் சுகாதாரக் கணக்கு சொல்கிறது. 2021-22-இல் அது நூற்றுக்கு 39 ரூபாயாகக் குறைந்திருக்கிறது. குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த 39 ரூபாய் எல்லா வீட்டிலும் சமமாக விழுவதில்லை. எந்த வீட்டில் நோய் வருகிறதோ அந்த வீட்டின் மேல் மொத்தமாக விழுகிறது. அருள்பணியாளர்களாகிய நாங்கள் நோயில் பூசுதல் வழங்கப் போகும் வீடுகளில், கட்டிலில் படுத்திருப்பவர் தன் வலியைப் பற்றிப் பேசுவதைவிட, "பிள்ளைகளைக் கடன்காரர்களாக ஆக்கிவிட்டேனே" என்று சொல்லி அழுவதைத்தான் அதிகம் கேட்கிறோம்.

எனவே இன்று நோயின் செலவை யார் சுமப்பது, எப்படிச் சுமப்பது என்று சிந்திப்போம்.

மொய் நோட்டும் காப்பீடும்

நம் ஊரில் திருமண வீட்டுக்குப் போனால் மொய் எழுதுகிறோம். நாம் எழுதும் ஐந்நூறோ ஆயிரமோ அந்தக் கல்யாணச் செலவை அடைத்துவிடாது. ஆனால் முந்நூறு பேர் எழுதும்போது அது அடைபடுகிறது. நாளை நம் வீட்டில் விசேஷம் வரும்போது அதே முந்நூறு பேரும் நமக்கு எழுதுகிறார்கள். ஒரு வீட்டால் ஒரே நாளில் தாங்க முடியாத செலவைப் பல வீடுகள் பல நாட்களில் பிரித்துத் தாங்குகின்றன.

காப்பீடு என்பதும் இதுதான். கல்யாணம் எப்போது வரும் என்று தெரியும். நோய் எப்போது வரும், யாருக்கு வரும் என்று தெரியாது. ஆகவே எல்லாரும் முன்கூட்டியே மொய் எழுதி வைக்கிறோம். நோய் வந்த வீட்டுக்கு அந்தப் பணம் போகிறது. நாம் கட்டிய பணம் நமக்குத் திரும்பி வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்தப் பணம் வேறொரு வீட்டில் ஓர் இதய அறுவைச் சிகிச்சையாக, ஒரு குறைமாதக் குழந்தையின் உயிராகப் போயிருக்கிறது. நமக்கு நோய் வரவில்லை என்பதும் நன்றி சொல்ல வேண்டிய காரியமே.

1883-இல் ஜெர்மனி நாடு தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கியது. 1948-இல் இங்கிலாந்து, வரிப்பணத்திலிருந்தே எல்லாருக்கும் மருத்துவம் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. அதே 1948-இல் நம் நாட்டில் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. திருத்தந்தை புனித 23-ஆம் யோவான் 1963-இல் உலக அமைதி பற்றி வெளியிட்ட 'பாச்செம் இன் தெர்ரிஸ்' என்ற சுற்றுமடலில், மருத்துவம் பெறுவதையும் நோய்க்காலத்தில் பாதுகாப்புப் பெறுவதையும் மனிதருக்குரிய உரிமைகளாகவே எடுத்துரைத்தார். உதவி கேட்பவர் கூனிக் குறுக வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

கடன் எப்படி வருகிறது?

பாவூர்சத்திரம் பக்கம் பீடி சுற்றும் ஓர் அம்மாவை மனக்கண்முன் கொண்டுவருவோம். கணவர் குற்றாலம் சீசனில் ஆட்டோ ஓட்டுகிறார். சாரல் விழும் மூன்று மாதம் நல்ல வருமானம். மற்ற மாதங்களில் கிடைத்தால் உண்டு. ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குக் கணவருக்கு நெஞ்சு வலிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வண்டி பிடிக்கிறார். வண்டிக்காரருக்குத் தெரிந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். "முதலில் ஐம்பதாயிரம் கட்டுங்கள்" என்கிறார்கள். காலையில் அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகிறது. மூன்றாம் நாள் மகளிர் குழுக் கடன். ஐந்தாம் நாள் வட்டிக்குக் கொடுப்பவர் வீட்டுக்கு வருகிறார். எட்டாம் நாள் யாரோ ஒருவர், "காப்பீட்டு அட்டை இல்லையா?" என்று கேட்கிறார். அட்டை இருக்கிறது, பீரோவுக்குள் துணிக்கு அடியில் இருக்கிறது. ஆனால் சேர்த்திருக்கும் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இல்லை.

இந்தக் குடும்பத்தைக் கடனில் தள்ளியது நோய் மட்டுமல்ல. அந்த முதல் இரவில் எங்கே போவது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைக்காததும்தான். பயத்தில் இருப்பவரால் நிதானமாக யோசிக்க முடியாது. ஆகவே, யோசிக்க வேண்டியதை உடம்பு நன்றாக இருக்கும்போதே யோசித்து வைக்க வேண்டும். குற்றாலத்து அருவியில் வெள்ளம் வந்த பிறகு வழி தேடக் கூடாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

நமக்கு முன் இருக்கும் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கதவு: அரசு மருத்துவமனை

தென்காசியில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை வேண்டுமானால் பாளையங்கோட்டையில் நெல்லை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாம் 'ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி' என்று சொல்வது, இருக்கிறது. 1965-இல் தொடங்கிய கல்லூரி அது. 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டதிலிருந்து, மருந்துகளை மாநிலத்துக்கே மொத்தமாக வாங்கி, சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறை இங்கே இருக்கிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட முறை அது.

வரிசை நீளம், கூட்டம் அதிகம், படுக்கை கிடைப்பதில்லை என்ற குறைகள் உண்மைதான். அவற்றைச் சொல்லிச் சரிசெய்யக் கேட்பது நம் கடமை. ஆனால், 'இலவசம் என்றால் தரம் இருக்காது' என்ற எண்ணத்தாலும், 'உறவினர் என்ன நினைப்பார்களோ' என்ற கூச்சத்தாலும் தாலிச் சங்கிலியை அடகு வைப்பது தேவையற்ற சிலுவை. அரசு மருத்துவமனையும் நம் வரிப்பணத்தில் நாம் எழுதிய மொய்தான். தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி கட்டுகிறார்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தவறுவதுதான் பிறகு பக்கவாதமாக, சிறுநீரகக் கோளாறாக, மாரடைப்பாக வந்து நிற்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வீட்டுக்கு வருகிற அந்தப் பணியாளரைத் திண்ணையிலேயே நிறுத்தி அனுப்பிவிடாமல், அளவு பார்க்கச் சொல்லி, மாத்திரையை வாங்கி, தவறாமல் சாப்பிடுவதைவிட மலிவான காப்பீடு வேறில்லை.

இரண்டாம் கதவு: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை

2009 ஜூலையில் 'கலைஞர் காப்பீட்டுத் திட்டம்' என்ற பெயரில் தொடங்கியது. 2012 ஜனவரியிலிருந்து 'முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்' என்று நடந்துவருகிறது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்றிருந்த வரம்பு, பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2022 ஜனவரியில் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் என்ற கணக்கில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டுவது அரசு. நாம் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

இதில் சில விவரங்களைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

குடும்ப அட்டையில் பெயர் இருக்கிற கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோர் இதில் அடங்குவர். வயது வரம்பு இல்லை. பதிவு செய்ய, கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு தென்காசி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். அட்டை தொலைந்துவிட்டாலும், பதிவு இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 1800 425 3993 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். திருமணமாகி வந்த மருமகள், புதிதாகப் பிறந்த குழந்தை ஆகியோர் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்க்காமல் விட்டால், தேவைப்படும் நேரத்தில் அந்தப் பெயர் திட்டத்திலும் இருக்காது. இந்தச் சின்னக் காரியத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

அடுத்து, இந்தத் திட்டம் எல்லா மருத்துவமனையிலும் செல்லாது. எல்லா நோய்க்கும் செல்லாது. அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குச் செல்லும். பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. இதயம், புற்றுநோய், சிறுநீரகச் சுத்திகரிப்பான டயாலிசிஸ், எலும்பு முறிவு, பச்சிளங்குழந்தை சிகிச்சை என்று பெரிய செலவுகள் பலவும் அதில் வருகின்றன. புறநோயாளியாகப் போய்ச் சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்து வாங்குவது வராது. ஆகவே, நம் ஊருக்குப் பக்கத்தில் எந்தெந்த மருத்துவமனை, எந்தெந்தச் சிகிச்சைக்குத் திட்டத்தில் இருக்கிறது என்பதை இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சை தொடங்கும் முன் மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனத்துக்கு விவரம் அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். ஆகையால் சேரும்போதே, வாசலிலேயே, அட்டையைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். பணம் கட்டிச் சிகிச்சை முடித்த பிறகு, 'அட்டை இருக்கிறது, பணத்தைத் திருப்பித் தாருங்கள்' என்று கேட்டால் பெரும்பாலும் நடப்பதில்லை. ஒப்புதலான சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாகப் பணம் கேட்கவும் கூடாது. கேட்டால் அதே கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் புகார் சொல்லலாம். அரசு மருத்துவமனையில் சேர்ந்தாலும் அட்டையைக் காட்டுங்கள். அந்தத் தொகை அந்த மருத்துவமனைக்கு வந்து சேர்ந்து, அடுத்த நோயாளிக்கு உதவுகிறது.

செங்கோட்டை, புளியரை வழியாகத் திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் போவது நம் பகுதியில் நெடுநாளைய வழக்கம். போவதில் தவறில்லை. ஆனால் அந்த மருத்துவமனையில் நம் அட்டை செல்லுமா என்று இங்கேயே கேட்டு உறுதி செய்துகொண்டு பேருந்து ஏறுவது நல்லது.

சாலை விபத்து

கொல்லம் சாலையில் ஓடும் லாரிகளையும், சீசனில் குற்றாலத்துக்கு வரும் வண்டிகளையும் நாம் அறிவோம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரம், திட்டத்திலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில், திட்டத்தின் வரம்புக்குள் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. அவர் எந்த மாநிலத்தவர், அட்டை வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. விபத்தில் அடிபட்டு வருபவருக்கு உடனே உயிர்காக்கும் சிகிச்சை தருவது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவருக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. குற்றாலத்துக்குக் குளிக்க வந்த வெளியூர்க்காரர் நம் தெருவில் விழுந்து கிடந்தால், அவரை எங்கே கொண்டுபோவது என்று தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

மூன்றாம் கதவு: வேலையின் வழியாக வருவது

இ.எஸ்.ஐ. திட்டம் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளருக்கு உரியது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தொழிற்சாலைகளும், வேறு பல நிறுவனங்களும் இதில் வருகின்றன. 2019 ஜூலை முதல் தொழிலாளி கட்டுவது சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளி கட்டுவது 3.25 விழுக்காடு. மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்றால், தொழிலாளி 90 ரூபாய், முதலாளி 390 ரூபாய். இதற்குக் குடும்பம் முழுவதுக்கும் மருத்துவம் கிடைக்கிறது. வேலைக்குப் போக முடியாத நோய்நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியும் கிடைக்கிறது. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் தன் இ.எஸ்.ஐ. எண்ணே தெரியாத பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள். முதலாளிகளாக இருக்கும் நம் பங்கு மக்களுக்கும் ஒரு சொல்: தொழிலாளியைக் கணக்கில் காட்டாமல் அந்த 390 ரூபாயை மிச்சப்படுத்துவது லாபமல்ல. அது தொழிலாளிக்கு உரிய கூலியில் ஒரு பகுதி.

தென்காசி, ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் பீடி சுற்றும் தாய்மார் மிகப் பலர். புகையிலைத் தூசியோடு உட்கார்ந்து உழைப்பவர்களுக்கு நெஞ்சுச் சளியும், இருமலும், முதுகு வலியும் கூடவே வருகின்றன. 1976-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டப்படி இவர்களுக்கென மருத்துவ ஏற்பாடு உண்டு. முக்கூடலில் இவர்களுக்கென மத்திய அரசின் மருத்துவமனையும் இருக்கிறது. புற்றுநோய், இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு உதவித்தொகை ஏற்பாடும் உண்டு. இதற்கு வேண்டியது பீடித் தொழிலாளர் அடையாள அட்டை. ஒருவர் பெயரில் உள்ள பாஸ் புத்தகத்தில் மூன்று பேர் சுற்றிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அதனால் மற்ற இருவருக்கும் அந்த உரிமை கிடைக்காமல் போய்விடுகிறது.

நான்காம் கதவு: நாமே எடுக்கும் பாலிசி

ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் என்றால் மாதம் 10,000. மாதம் 14,000 வாங்கும் கடைச் சிப்பந்தி, விடுதி ஊழியர், சிறு பள்ளியின் ஆசிரியை, சிறு வியாபாரி ஆகியோர் அந்த வரம்புக்கு மேலே நிற்கிறார்கள், இ.எஸ்.ஐ.யும் பலருக்கு இல்லை. வசதியானவர் என்று அரசு கருதுகிறது. காப்பீட்டு நிறுவனம் கேட்கும் பிரீமியமோ எட்டவில்லை. இன்று மருத்துவச் செலவில் மிகவும் நசுங்குபவர்கள் இவர்களே. இந்த வரம்பை இன்னும் உயர்த்த வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. மக்கள் பிரதிநிதிகள் நம்மிடம் வரும்போது பணிவோடும் உறுதியோடும் கேட்க வேண்டியது இது.

அதுவரை, இயன்றவர்கள் ஒரு சிறிய பாலிசியாவது எடுத்துக்கொள்வது நல்லது. தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருக்கிறது. எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில.

சர்க்கரை, அழுத்தம், முன்பு நடந்த அறுவைச் சிகிச்சை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். "எழுதினால் பிரீமியம் கூடும், விட்டுவிடலாம்" என்று முகவர் சொன்னாலும் கேட்காதீர்கள். பொய்யைக் காரணம் காட்டித்தான் பிறகு பணத்தை மறுக்கிறார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரல் முதல் அது அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். அதன்பின் அந்த நோய்க்கும் பணம் கிடைக்கும்.

அறை வாடகை வரம்பைப் பாருங்கள். நாளுக்கு 3,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 6,000 ரூபாய் அறையில் தங்கினால், கூடுதல் வாடகை மட்டும்தான் நம் கையிலிருந்து போகும் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. அறையைப் பொறுத்து மாறும் மருத்துவர் கட்டணம், அறுவைச் சிகிச்சைக் கட்டணம் முதலியவற்றையும் அதே விகிதத்தில் பாதியாகக் குறைப்பார்கள். அந்தக் கட்டணங்கள் ஒரு லட்சம் என்றால் ஐம்பதாயிரம் நம் தலையில். வரம்புக்குள் உள்ள அறையைக் கேட்டு வாங்கினால் இந்தத் துன்பம் இல்லை.

ஆண்டுக்கு 20 ரூபாய் வங்கிக் கணக்கில் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் மருத்துவச் செலவுக்கானது அல்ல. விபத்தில் இறப்போ ஊனமோ நேர்ந்தால் கிடைக்கும் தொகை அது. அதை வைத்துக்கொண்டு, 'எங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

நிறுவனம் பணம் தர மறுத்தால், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற ஒழுங்குமுறை ஆணையத்தை 155255 என்ற எண்ணில் அழைத்தும் புகார் செய்யலாம்.

பில் கையில் வரும்போது

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனத்தில் பதினேழு உரிமைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. எதற்கு எவ்வளவு என்று இனம்வாரியாக எழுதிய பில்லைக் கேட்கலாம். இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம். மருந்தையும் பரிசோதனையையும் வெளியே செய்துகொள்ளலாம். பணம் பாக்கி என்பதற்காக நோயாளியையோ இறந்தவரின் உடலையோ பிடித்துவைக்கக் கூடாது. இவற்றைச் சண்டையாகக் கேட்க வேண்டியதில்லை. மருத்துவரை மதிக்க வேண்டும், அவரையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. மரியாதையோடு கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் நல்ல மருத்துவர்கள் நம் பகுதியில் நிறையவே இருக்கிறார்கள்.

தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள், அதே மருந்தை மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலையில் கேட்டுப் பார்க்கலாம். மருத்துவரிடம், "மருந்தின் மூலப்பெயரை எழுதித் தாருங்கள், ஐயா" என்று கேட்டால் போதும்.

கந்துவட்டிப் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதீத வட்டி வாங்குவது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மிரட்டல் வந்தால் மறைக்காமல், காவல்துறையிடமோ ஆட்சியர் அலுவலகத்திலோ சொல்லுங்கள். பங்கு இல்லத்துக்கு வந்து சொல்லுங்கள், கூட வருகிறோம். கடனால் மனம் உடைந்து உயிரே பாரமாகத் தோன்றினால், அன்று இரவே யாரிடமாவது பேசுங்கள். எந்தக் கடனும் ஓர் உயிரைவிடப் பெரிதல்ல.

எந்த அட்டையும் தராதது

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு செலவு மிச்சம் இருக்கிறது. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை இலவசமாக நடந்தாலும், தென்காசியிலிருந்து தினமும் போய்வரும் பேருந்துக் காசை எந்தக் காப்பீடும் தருவதில்லை. கூட இருப்பவரின் சாப்பாடு, அவர் இழக்கும் கூலி, வீட்டில் தனியாக விடப்பட்ட பிள்ளைகள், கட்டாமல் போன வாரத் தவணை ஆகியவற்றுக்கு அட்டை கிடையாது. பல குடும்பங்கள் இலவசச் சிகிச்சையைப் பாதியில் விட்டு வீடு திரும்புவது இந்தச் சின்னச் செலவுகளால்தான். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று நாள் போக வேண்டியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நல்ல சமாரியர் உவமையை லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். ஒரு தெனாரியம் அன்றைய ஒரு நாள் கூலி. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிப் போனார். முகம் தெரியாத ஒருவரின் மருத்துவச் செலவுக்கு அவர் பொறுப்பேற்றார். இரக்கத்தில் பில்லும் அடங்கும் என்று இயேசுவே நமக்குக் காட்டுகிறார்.

ஆகவே நம் அன்பியங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் செபம் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு வீட்டிலும் காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார், பீடி அட்டை அல்லது இ.எஸ்.ஐ. எண், பழைய மருத்துவச் சீட்டுகள் ஆகியவை ஒரே உறையில், எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அட்டை இல்லாத வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களை ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப் போக, விவரம் தெரிந்த ஓர் இளைஞரையோ ஓய்வு பெற்ற ஆசிரியரையோ நியமியுங்கள். படித்தவர்கள் தங்கள் படிப்பை ஆலயத்துக்குக் காணிக்கையாக்க இது நல்ல வழி.

அதோடு, நோயாளர் மொய் ஒன்றைத் தொடங்குங்கள். வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய். முப்பது வீடு என்றால் ஆயிரத்து ஐந்நூறு, ஓராண்டில் பதினெட்டாயிரம். இது அறுவைச் சிகிச்சைக்குப் போதாது. அதற்கு அட்டை இருக்கிறது. இது பேருந்துக் காசுக்கு, கூட இருப்பவரின் சாப்பாட்டுக்கு. கணக்கை நோட்டில் எழுதி எல்லார் முன்னும் வாசியுங்கள். எந்த மதம், எந்தச் சாதி என்று பாராமல் உங்கள் தெருவில் நோயுற்ற எவருக்கும் கொடுங்கள். பணம் இல்லாதவர் மொய் எழுத முடியாதே என்று கவலைப்பட வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஓர் இரவு துணைக்கு இருப்பதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புவதும் மொய்தான். அந்த நோட்டில் அதையும் எழுதுங்கள்.

அன்பார்ந்தவர்களே, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாளன்று உலக நோயாளர் தினத்தைக் கொண்டாடுகிறோம். 1993 முதல் திரு அவை கடைப்பிடிக்கும் நாள் அது. அன்று நோயாளிகளுக்குப் பழமும் ரொட்டியும் கொடுத்துச் செபிக்கிறோம். இனி அந்த நாள் வரும்போது, நம் அன்பியத்தில் காப்பீட்டு அட்டை இல்லாத வீடு ஒன்றும் இல்லை என்றும், தனியாக மருத்துவமனைக்குப் போன நோயாளி ஒருவரும் இல்லை என்றும் சொல்லக்கூடியவர்களாக இருப்போம்.

நோயுற்றோரையும், அவர்களைப் பராமரிப்போரையும், இரவெல்லாம் விழித்துப் பணியாற்றும் மருத்துவர், செவிலியரையும் இறைவன் தம் கரத்தில் தாங்கிக் காப்பாராக. ஆமென்.